கட்டில் நோயாளியும் நாற்காலி நோயாளியும்

எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வுக்கு முந்தைய வாரம் அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் ஆள் தேடும் படலம் ஒன்று நடக்கும். தேடுகிறவர்கள் உதவிப் பேராசிரியர்களும் பட்டமேற்படிப்பு மாணவர்களும். தேடப்படுவது 'நல்ல கேஸ்'. ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் இதயத்தின் முணுமுணுப்பு கேட்க வேண்டும். வயிற்றில் கை வைத்தால் மண்ணீரல் தட்டுப்பட வேண்டும். அதே சமயம் காலை முழுக்கப் பல பேருக்குச் சளைக்காமல் பதில் சொல்கிற தெம்பும் வேண்டும். நோய் நன்றாக முற்றியிருக்க வேண்டும், ஆள் மட்டும் சுமாராகத் தேறியிருக்க வேண்டும் என்பது கணக்கு.

அப்படி அகப்பட்டவருக்கு வீட்டுக்குப் போகும் நாள் தள்ளிப்போகும். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க" என்பார்கள். போனவரைத் திரும்ப அழைப்பதும் உண்டு. கோவை என்றால் அன்னூரிலிருந்தோ சூலூரிலிருந்தோ அவர் பஸ் ஏறி வருவார். காலையில் டீயும் பன்னும் கிடைக்கும். கையில் கொஞ்சம் பஸ் காசும் கிடைக்கலாம். சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார வேண்டும். 'லாங் கேஸ்' என்றால் ஒரே மாணவர் முக்கால் மணி நேரம் குடைந்து குடைந்து கேட்பார். அமுக்குவார், தட்டுவார், சுத்தியலால் முழங்காலில் அடிப்பார். 'ஷார்ட் கேஸ்' என்றால் மாணவர்கள் மாறி மாறி வருவார்கள். பிறகு தேர்வாளர்கள் வந்து நிற்பார்கள். கட்டிலில் இருப்பவரின் உடம்பைப் பற்றி, அவர் தலைக்கு மேலேயே, அவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் விவாதம் நடக்கும்.

புரியாத ஆங்கிலம் என்று முழுதாகச் சொல்லிவிடவும் முடியாது. எல்லா மருத்துவக் கல்லூரியிலும் தலைமுறை தலைமுறையாக ஒரு கதை உலவுகிறது. தேர்வில் திணறும் மாணவரைப் பார்த்துப் பாவப்பட்டு நோயாளியே தாழ்ந்த குரலில் சொல்வார்: "மைட்ரல் ஸ்டெனோசிஸ்னு எழுதிக்குங்க தம்பி. கூடவே கொஞ்சம் லீக்கும் இருக்குதுங்." பத்துத் தேர்வுகளுக்கு உட்கார்ந்தவருக்குத் தன் இதயம் ஆங்கிலத்தில் மனப்பாடம்.

இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் அதற்குள் இருக்கும் இன்னொன்றைக் கவனிப்பதில்லை. மாணவருக்கு விடை சொல்லிக் கொடுக்கும் அளவுக்குப் பாடம் தெரிந்தவர் அவர். ஆனால் அந்த மாணவர் எப்படி நடந்துகொண்டார், கை ஜில்லென்று இருந்ததா, வலிக்கிற இடத்தில் அமுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டாரா என்று யாரும் அவரிடம் விசாரித்ததில்லை. அவர் வாயிலிருந்து வேண்டியது 'ஹிஸ்டரி' மட்டும்.

கட்டில்கள் குறைந்த கதை

1966-இல் கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி தொடங்கும் வரை கொங்கு நாட்டுப் பையனோ பெண்ணோ டாக்டருக்குப் படிக்க வெளியூருக்குத்தான் போக வேண்டும். கல்லூரி அவினாசி ரோட்டில், ஆஸ்பத்திரி திருச்சி ரோட்டில் என்று இரண்டும் ஊரின் இரு பக்கம் அமைந்தன. 1985-இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி வந்தது. ஒரு காலத்தில் காசநோய் சானடோரியமாக இருந்த பெருந்துறையில் 1990-களில் கல்லூரி வந்தது. பிறகு ஒத்தக்கால்மண்டபம், சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ., கே.எம்.சி.எச். என்று வரிசை நீண்டது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூரும் நாமக்கல்லும் ஊட்டியும் உண்டு.

மாணவர்கள் பெருகிய அளவுக்குக் கட்டிலில் காத்திருக்கும் நோயாளிகள் பெருகவில்லை. முன்பு மாதக்கணக்கில் வார்டில் கிடந்தவர்கள் இப்போது நாலைந்து நாளில் வீடு திரும்புகிறார்கள். எக்கோவும் ஸ்கேனும் வந்தபின் இதய வால்வு நோய் முற்றுவதற்குள் பிடிபட்டுவிடுகிறது. 2009-இல் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்ததும் ஜி.எச். தவிர வேறு கதியில்லை என்றிருந்தவர்களில் பலருக்குத் தனியார் ஆஸ்பத்திரிக் கதவும் திறந்தது. காடு தோட்டத்தில் உழைத்துவிட்டு வந்தவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னால், "எதுக்குங்க? அந்த டாக்டர் இப்பத்தான பாத்துட்டுப் போனாரு" என்று கேட்கிறார். கேட்க வேண்டியதுதானே. ஒரே மண்ணீரலை இருபது பேர் அமுக்கிப் பார்ப்பதற்குப் பெயர் படிப்பு என்றால், அமுக்கப்படுகிறவருக்கு அதன் பெயர் வேறு.

அப்படியானால் மாணவர் யாரிடம் பழகுவது?

சுரைக்காயும் பொம்மையும்

மெய்யைத் தொடும் முன் பொய்யில் பழகுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அறுவை மருத்துவம் பற்றிய பழைய நூலான சுசுருத சம்ஹிதை, கத்தி பிடிக்கக் கற்கும் மாணவனை முதலில் பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்களை அறுத்துப் பழகச் சொல்கிறது. ரத்த நாளம் கீறத் தாமரைத் தண்டு. கட்டுப்போட்டுப் பழக மனித உருவில் செய்த பொம்மை. 1960-இல் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் 'ரெசஸி ஆன்' என்ற பொம்மையைச் செய்தார். பாரிஸ் நகரின் சேன் நதியில் இறந்து மிதந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம் அதற்கு. மார்பை அமுக்கி, வாயோடு வாய் வைத்து மூச்சூட்ட உலகமே அந்த முகத்தில்தான் பழகியது. இன்று நம் கல்லூரிகளின் 'ஸ்கில் லேப்'களில் படுத்திருக்கும் பொம்மைகள் எல்லாம் அதன் வம்சம்.

பொம்மைக்கு ஊசி போடலாம், குழாய் செருகலாம். எத்தனை முறை தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பொறுமைதான் அதன் குறையும். "வலிக்குதுங்க" என்று அது சொல்லாது. "நீங்க பேசறது எனக்கு ஒண்ணுமே புரியலீங்க" என்றும் சொல்லாது.

இந்த இடத்தில்தான் நடிப்பு உள்ளே வந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவராக இருந்தவர் ஹோவர்ட் பாரோஸ். அவர் மனத்தில் இந்த யோசனை விழக் காரணம் சாம் என்ற நோயாளி. நரம்புக் கோளாறு உள்ள சாமை மருத்துவர்களின் தேர்வு ஒன்றுக்கு உட்காரவைத்திருந்தார்கள். தேர்வு எழுத வந்தவர்களில் ஒருவர் முரட்டுத்தனமாக நடந்துகொண்டார். சாம் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. வலது காலில் காட்ட வேண்டிய அறிகுறியை இடது காலில் காட்டுவது போல, தன் அறிகுறிகளை இடம் மாற்றிக் காட்டிவிட்டார். அதைப் பிறகு பாரோஸிடம் அவரே சொன்னார். கட்டில் நோயாளியிடம் கருத்து இருந்தது, அதைச் சொல்லத்தான் வழியில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நோயாளியால் அறிகுறியை மாற்றிக் காட்ட முடியும் என்றால், நோயில்லாதவரால் அறிகுறியைக் கற்றுக்கொண்டு காட்டவும் முடியும். 1963-இல் ஓவியர்களுக்கு மாடலாக நிற்கும் ஒரு பெண்ணுக்குப் பாரோஸ் பயிற்சி கொடுத்தார். கால்கள் செயலிழந்த 'பாட்டி டகர்' என்ற பாத்திரத்தில் அவர் மாணவர்கள் முன் அமர்ந்தார். வந்து பார்த்த மாணவர் ஒவ்வொருவரும் எப்படிக் கேட்டார், எப்படித் தொட்டார் என்று பிறகு தாளில் எழுதியும் கொடுத்தார். ஹாலிவுட் மருத்துவக் கல்லூரிக்குள் புகுந்துவிட்டது என்று பத்திரிகைகள் கேலி செய்தன. சக மருத்துவர்கள் முகம் சுளித்தார்கள்.

ஹாலிவுட் பக்கத்தில் இருந்ததால் அங்கே அது நடந்தது என்றால், கோவைக்கும் அந்த வசதி ஒரு காலத்தில் இருந்தது. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ, புலியகுளத்தில் பட்சிராஜா ஸ்டுடியோ. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947-இல் வந்தது. அது சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்ட படம். இன்று கோவை மருத்துவ மாணவர்கள் தேர்வு எழுதி வாங்கும் பட்டத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரும் அவருடையதுதான். நடிப்பும் வைத்தியமும் இந்த ஊரில் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், ஒன்று மற்றொன்றுக்கு உதவலாம் என்பது இங்கே வந்துசேர வெகுகாலம் பிடித்தது.

பீளமேட்டுக்கு வந்த வழி

1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியர் 'ஆஸ்கி' என்ற தேர்வுமுறையை அறிமுகப்படுத்தினார். வரிசையாக அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. மணி அடித்தால் உள்ளே, மணி அடித்தால் அடுத்த அறை. எல்லா மாணவருக்கும் ஒரே கேள்வி, ஒரே நோயாளி. லாங் கேஸில் ஒருவருக்கு லேசான நோயாளியும் இன்னொருவருக்கு வம்பான நோயாளியும் வாய்க்கும் அதிர்ஷ்டக் கணக்கு இதில் இல்லை. எல்லோருக்கும் ஒரே நோயாளி என்றால் அதற்கு நிஜ நோயாளி தாங்க மாட்டார். நடிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

வெளிநாட்டு டாக்டர்கள் அமெரிக்காவில் வேலை பார்க்கச் சான்று தரும் இ.சி.எஃப்.எம்.ஜி. என்ற அமைப்பு, நடிப்பு நோயாளிகளை வைத்து 1998-இலிருந்து தேர்வு நடத்தியது. 2004-இல் அது அமெரிக்க மாணவர்களுக்கும் கட்டாயமாயிற்று. இந்த அமைப்பு 2000-இல் ஃபைமர் என்றொரு நிறுவனத்தை உருவாக்கியது. மருத்துவம் கற்பிப்பவர்களுக்குக் கற்பிக்கும் கலையைப் பயிற்றுவிப்பது அதன் வேலை. மும்பை, லூதியானாவுக்குப் பிறகு அதன் இந்திய மையம் 2007-இல் தொடங்கிய இடம் பீளமேட்டு பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி. சமூக மருத்துவப் பேராசிரியர் தாமஸ் சாக்கோ அதை வழிநடத்தினார். இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பல மாநிலங்களிலிருந்தும் மருத்துவ ஆசிரியர்கள் கோவைக்கு வந்து போனார்கள்.

நாடு முழுவதற்குமான மாற்றம் 2019-இல் வந்தது. அந்த ஆண்டு சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குத் திறன் சார்ந்த புதிய பாடத்திட்டம். ஸ்கில் லேப் கட்டாயம். கூடவே மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் இவற்றுக்கென்று 'ஏட்காம்' என்ற தனிப் பாடம். நாலு கட்டமாக 27 பகுதிகள். முதலாண்டிலேயே வரும் இரண்டாவது பகுதியின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'நோயாளியாக இருப்பது என்றால் என்ன?'. முந்தைய தலைமுறை டாக்டர்கள் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் தங்களுக்கே ஆபரேஷன் நடந்தபோதுதான் விடை தெரிந்துகொண்டார்கள்.

ஒரு மருதாசலத்தை உருவாக்குவோம்

நோயாளியாக நடிக்கும் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று விளக்குவதைவிட ஒரு கேஸை எழுதிப் பார்த்துவிடலாம். ஊர் கோவை என்பதால் நோயும் கோவை நோயாகவே இருக்கட்டும்.

பெயர் மருதாசலம். வயது 61. சிங்காநல்லூர்ப் பக்கம் வீடு. முப்பது வருடத்துக்கு மேல் ஸ்பின்னிங் மில் வேலை, இப்போது ஓய்வு. நடிக்கப்போகிறவருக்குக் கொடுக்கும் தாளில் இவருடைய கதை மூன்று அடுக்காக இருக்கும்.

முதல் அடுக்கு, தானாகச் சொல்வது. நாற்காலியில் உட்கார்ந்ததும் வரும் முதல் வாக்கியம்: "மூச்சு வாங்குதுங்க. நாலு படி ஏற முடியறதில்லீங்க." அதோடு நிறுத்திவிட வேண்டும். வசனம் பேசிப் பழகியவர்களுக்கு இந்த நிறுத்தம்தான் கஷ்டம்.

இரண்டாம் அடுக்கு, கேட்டால் மட்டும் சொல்வது. இருமல் உண்டு, காலையில் சளி உண்டு, பீடி குடிப்பதை விட்டுப் பத்து வருடம் ஆயிற்று. என்ன வேலை என்று கேட்டால் மில் வேலை. மில்லில் எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டால் மட்டும் ப்ளோ ரூம். அந்தக் காலத்தில் உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டால் மட்டும் அடுத்தது: "வார லீவு முடிஞ்சு வேலைக்குப் போற அன்னைக்கு நெஞ்சை இறுக்கிப் புடிக்குமுங்க. ரெண்டாம் நாளானாத் தேவலையாயிருமுங்க."

மூன்றாம் அடுக்கு, மனத்தில் இருப்பது. பங்காளி ஒருவர் இதே போல இருமலில் ஆரம்பித்துப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். தனக்கும் அதுதானோ என்று ராத்திரித் தூக்கம் இல்லை. 'உங்களுக்கு என்ன பயமா இருக்கு' என்ற பொருளில் யாராவது கேட்டாலொழிய இது வெளியே வராது.

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இது. பிஸினோசிஸ் என்பார்கள். பஞ்சுப் பேலைப் பிரித்துப் போடும் ப்ளோ ரூமிலும் அடுத்துள்ள கார்டிங்கிலும் தூசி அதிகம். விடுமுறைக்குப் பிந்தைய முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். மில் சங்கு கேட்டு விழித்த ஊரில், இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தெரியாதவர் டாக்டராகக் கூடாது. தொழில் நோய்களைப் பற்றி முதலில் விரிவாக எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாஸினி, 1700-லேயே, நோயாளியைப் பார்க்கும் ஒவ்வொரு வைத்தியரும் 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்ற கேள்வியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடிக்கிறது. முதல் மாணவர் உள்ளே வருகிறார். படு சுறுசுறுப்பு. "எத்தனை நாளா? சளி இருக்கா? என்ன கலர்? ரத்தம் வருதா? பீடி, சிகரெட்?" பீடி என்றதும் அவர் முகம் தெளிந்துவிடுகிறது. விடை கிடைத்துவிட்டது. ஸ்டெதஸ்கோப்பை வைக்கிறார். நடிகரின் நுரையீரல் நல்ல நுரையீரல் என்பதால், அங்கே என்ன கேட்டிருக்கும் என்று எழுதிய துண்டுச் சீட்டைத் தேர்வாளர் நீட்டுகிறார். மாணவர் நோயின் பெயரைச் சொல்லி, பீடியைத் தொடவே கூடாது என்று அறிவுரையும் சொல்லி முடிக்கிறார். பத்து வருடத்துக்கு முன்பே விட்டதைச் சொன்னது அவர் காதில் விழவில்லை.

அடுத்த மணி. ஒரு மாணவி. சென்னைப் பக்கத்துப் பெண் என்று பேச்சிலேயே தெரிகிறது. "வணக்கம்யா" என்று பெயரைச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.

"என்ன வேலை பார்த்தீங்கய்யா?"

"மில்லுலீங்க, அம்மிணி."

"மில்லுல எதுல?"

"ப்ளோ ரூமுங்க."

மாணவி எழுதப்போன பேனாவை நிறுத்துகிறார். "மன்னிச்சுக்கோங்கய்யா, ப்ளோ ரூம்னா என்னன்னு எனக்குத் தெரியாது. சொல்றீங்களா?"

தாளில் எதிர்பார்க்காத கேள்வி இது. ஆனால் மருதாசலமாக உட்கார்ந்திருப்பவர் மருதாசலமாகவே பதில் சொல்கிறார். "பஞ்சுப் பேலைப் பிரிச்சு மெசின்ல போடற எடமுங்க. பொழுதோட ஊட்டுக்குப் போனா பொண்டாட்டிக்கே அடையாளந் தெரியாதுங்க. புருவமெல்லாம் வெள்ளையா இருக்கும்." அதற்குப் பிறகு நெஞ்சு இறுக்கத்துக்கு வந்துசேர இரண்டே கேள்விகள் போதுமாயின. தெரியாததைத் தெரியாது என்று நோயாளியிடமே கேட்டதுதான் அன்று அந்த அறையில் நடந்த நல்ல வைத்தியம்.

வாய் திறக்கும் நேரம்

தேர்வு முடிந்ததும் அன்றுக்கும் இன்றுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் ஆரம்பிக்கிறது. நடித்தவர் மருதாசலத்தைக் கழற்றி வைத்துவிட்டு மாணவரிடம் பேசுகிறார். அதற்கும் ஒரு முறை உண்டு. நீ செய்தது தப்பு என்று சொல்லக் கூடாது. மருதாசலத்துக்குள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். "பீடியை விட்டுட்டேன்னு சொன்னேன். நீங்க நோட்டைப் பாத்துட்டு இருந்தீங்க. அதுக்கப்பறம் வேற எதையும் சொல்லத் தோணலை தம்பி." இந்த ஒரு வாக்கியத்துக்குப் பாடப்புத்தகத்தில் நாற்பது பக்கம் சமம். எந்தப் பேராசிரியர் திட்டினாலும் மாணவருக்கு உறைக்காதது, எதிரே உட்கார்ந்தவர் நிதானமாகச் சொல்லும்போது உறைக்கும்.

மொழியும் இந்த நாற்காலியில்தான் பிடிபடுகிறது. பாடமெல்லாம் ஆங்கிலம். அகில இந்திய ஒதுக்கீட்டில் வரும் மாணவர்களில் தமிழே தெரியாதவர்கள் உண்டு. தமிழ் தெரிந்தவர்களுக்கும் "மேலுக்கு முடியலீங்க", "கை காலெல்லாம் ஓய்ச்சலா இருக்குதுங்க", "எதுக்களிச்சுட்டே இருக்குதுங்க" என்பதையெல்லாம் மருத்துவ ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது லேசில்லை. "வாயு புடிச்சிருச்சுங்க" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு ஒருவர் வந்து உட்கார்ந்தால் சிரித்துக்கொண்டே ஜெலுசில் எழுதிவிடலாம். இடது கை கனக்கிறதா, வேர்த்துக் கொட்டியதா என்று கேட்கத் தெரிந்தவர்தான் அது மாரடைப்பு என்று கண்டுபிடிப்பார். நிஜ நோயாளியிடம் இதைத் தவறவிட்டால் உயிர் போகும். நாற்காலி நோயாளியிடம் தவறவிட்டால் மதிப்பெண் போகும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இன்று வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் பிள்ளைகளையும் கணக்கில் எடுத்தால், ஒரு வார்த்தை தமிழ் தெரியாத நோயாளியாகவும் யாராவது இந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

மாணவர் முன் நடிப்பதையும் தாண்டி, டாக்டருக்கே சொல்லாமல் நடிப்பதும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. காசநோய் அறிகுறிகளைச் சொல்லப் பயிற்சி பெற்றவர்கள் மும்பையிலும் பாட்னாவிலும் தனியார் டாக்டர்களிடம் நிஜ நோயாளிகள் போலப் போனார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வில், 2,602 சந்திப்புகளில் 35 சதவீதத்தில்தான் சரியான மருத்துவம் நடந்திருந்தது. பேனாவோடு உட்கார்ந்த ஆய்வாளர் எதிரே இருந்தால் எல்லோரும் சரியாகத்தான் செய்வார்கள். சாதாரண ஆள் போல வந்தவருக்கு என்ன நடக்கிறது என்பதை அந்த நடிகர்களின் உடம்புதான் பதிவு செய்தது.

நாற்காலியில் யார்?

மேல்நாடுகளில் இது மணிக்கணக்குக்குச் சம்பளம் தரும் பகுதிநேர வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மேடை நடிகர்கள், இல்லத்தரசிகள் பெயர் கொடுத்துவைத்திருப்பார்கள். இங்கிலாந்துக்கு வேலைக்குப் போக விரும்பும் நம் ஊர் டாக்டர் மான்செஸ்டரில் 16 அறைகளுக்குள், அறைக்கு 8 நிமிடம், இப்படிப்பட்டவர்கள் முன்புதான் தேர்வு எழுதுகிறார். 'ரோல் பிளேயர்' என்ற சொல்லை அதற்குத் தயாராகும்போதுதான் நம் டாக்டர்களில் பலர் முதன்முதலில் கேள்விப்படுகிறார்கள்.

நம் பக்கம் இதைத் தொழில் என்று சொல்ல இன்னும் காலம் இருக்கிறது. பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜனையோ பட்டமேற்படிப்பு மாணவரையோ துறை ஊழியரையோ பிடித்து உட்கார வைத்துவிடுகிறார்கள். நேற்று கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து பரோட்டா தின்ற சீனியர், இன்று "நெஞ்சு வலிக்குதுங்க டாக்டர்" என்று முனகினால் மாணவருக்குச் சிரிப்புத்தான் வரும். மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர், அங்கன்வாடியில் இருந்து ஓய்வு பெற்ற அக்கா, கோயில் நோம்பிக்கு நாடகம் போட்டவர் என்று கொங்கு நாட்டில் இந்த நாற்காலிக்குப் பொருத்தமானவர்களுக்கா பஞ்சம்? ஆளைத் தேடுவதற்கும், பயிற்சி கொடுப்பதற்கும், அவர் செலவழிக்கும் நாளுக்குக் கூலி கொடுப்பதற்கும் கல்லூரிக் கணக்கில் ஒரு தலைப்பு வேண்டும். லட்சக்கணக்கில் பொம்மை வாங்குவதற்கு இருக்கும் தலைப்பு பேசத் தெரிந்த மனிதருக்கு இருப்பதில்லை.

வேலையும் பார்ப்பதுபோல எளிதல்ல. முதல் மாணவரிடம் சொன்ன அதே வாக்கியத்தை அதே சோர்வோடு முப்பதாவது மாணவரிடமும் சொல்ல வேண்டும். பத்தாவது ஆள் நன்றாகக் கேட்டார் என்பதற்காகப் பரிதாபப்பட்டுக் கூடுதலாக எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. மைட்ரல் ஸ்டெனோசிஸ் சொல்லிக் கொடுத்த அந்தக் கட்டில் மனிதரின் இரக்கம் இங்கே குற்றம். குழந்தையைப் பறிகொடுத்த தாயாக ஒரே நாளில் இருபது முறை அழுதவருக்கு வீடு போனபின்னும் நெஞ்சு கனக்கும். அதனால் முடிந்ததும் உடை மாற்றி, சொந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி, பாத்திரத்தை விட்டு இறங்கும் பழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறார்கள்.

எவ்வளவு தேர்ந்த நடிகராலும் வீங்கிய மண்ணீரலைக் காட்ட முடியாது. மஞ்சள் பூத்த கண்ணை, வால்வின் முணுமுணுப்பை, ஆறாத புண்ணின் வாடையை நடிக்க முடியாது. அறையில் அழகாகத் தலையாட்டி, "உங்க கஷ்டம் புரியுதுங்க" என்று மதிப்பெண்ணுக்காகச் சொல்லப் பழகிவிட்ட மாணவர்களும் உண்டு. கருணையும் பட்டியலில் ஒரு கட்டமானால் அதை டிக் அடித்துவிட்டுப் போவது மனித சுபாவம். நடிப்பு நோயாளிகளை வைத்து, ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம் வாங்கி நடத்திய அந்த அமெரிக்கத் தேர்வும் கொரோனா காலத்தில் நின்று, 2021 ஜனவரியில் ஒரேயடியாகக் கைவிடப்பட்டது. ஆகவே கட்டிலை அப்புறப்படுத்திவிட்டு நாற்காலியைப் போட முடியாது. கட்டிலுக்குப் போகும் வழியில் நாற்காலி இருக்க வேண்டும். நாற்காலியில் வாங்கிய பேச்சு, கட்டிலில் கை வைக்கும்போது நினைவுக்கு வர வேண்டும்.

நடித்தவரிடம் கடைசியாகக் கொடுக்கும் தாளில் பல இடங்களில் ஒரு கேள்வி இருக்கும்: 'இவரிடம் மறுபடியும் வைத்தியம் பார்க்க வருவீர்களா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். மருதாசலம் சற்று யோசித்து, முதல் மாணவரின் தாளில் ஒன்றிலும் மாணவியின் தாளில் இன்னொன்றிலும் டிக் போடுகிறார்.

அந்தக் காலத்துக் கட்டில் நோயாளியும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இல்லை. ஒரு நாள் விடியற்காலையில் நர்ஸ் வந்து பார்க்கும்போது கட்டில் காலியாக இருக்கும். போர்வை மடித்து வைத்திருக்கும், தட்டும் டம்ளரும் இருக்காது. டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டை எடுத்து 'அப்ஸ்காண்டட்' என்று ஒரே சொல் எழுதி மூடிவைப்பார்.